பத்து மணி பஸ்ஸும் "எல்லாம் நார்மல்" என்ற ஒரு வரியும்: உங்கள் ஆலையில் ஷிப்ட் சார்ஜ் எப்படிக் கொடுக்கிறீர்கள்?

மானூர்க்காரன் | செவ்வாய், காலை 8.15

இரவு ஷிப்ட் முடித்து வந்து படுத்தேன். தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். திருநெல்வேலிக்கு வடக்கே ஒரு ரசாயன ஆலையில், கரைப்பான்களைக் காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்யும் பிரிவில் பேனல், அதாவது கட்டுப்பாட்டு அறைத் திரை, பார்க்கிறேன். இரண்டு வருட அனுபவம்.

நேற்று இரவு பத்து மணிக்குச் சார்ஜ் எடுத்தேன், அதாவது முந்திய ஷிப்ட்காரரிடமிருந்து பொறுப்பை வாங்கினேன். எனக்கு முந்தியவர் லாக் புத்தகத்தில் எழுதியிருந்தது இரண்டே சொல்: "எல்லாம் நார்மல்." நின்று கேட்க நேரமில்லை. நான் வந்திறங்கிய பஸ்ஸில்தான் அவர் ஏற வேண்டும், அது 10.05-க்குக் கிளம்பிவிடும். ஓட்டமும் நடையுமாக வாசலுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, நானும் தினமும் அப்படித்தான் ஓடுகிறேன்.

10.40-க்கு ஒரு தொட்டிக்கு ஃபீட், அதாவது உள்ளே போகும் சரக்கை, திறந்தேன். ஒன்றரை மணிவாக்கில் அதன் லெவல் கோட்டைத் திரையில் பார்த்தபோது ஏதோ உறுத்தியது. 62 சதவீதம். ஃபீட் திறந்தபோதும் 62, இப்போதும் 62. சரக்கு உள்ளே போகும்போது அந்தக் கோடு எப்போதும் லேசாக நடுங்கும். இதுவோ ஸ்கேல் வைத்துக் கீறியது போல இருந்தது. உள்ளே போகிறது, வெளியே எதுவும் வரவில்லை, பிறகு லெவல் எப்படி ஏறாமல் நிற்கும்? களத்தில் இருந்த அண்ணனை வாக்கி டாக்கியில் கூப்பிட்டு, கேஜ் கிளாஸில், அதாவது லெவலை நேரில் காட்டும் கண்ணாடிக் குழாயில், டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். "தம்பி, கிளாஸ் உச்சி வரைக்கும் நிறைந்து நிற்கிறது, கோடே தெரியவில்லை" என்றார். கை நடுங்க ஃபீடை நிறுத்தினேன்.

உச்ச லெவல் ஸ்விட்ச் ஏன் தானாக நிறுத்தவில்லை என்று தேடினால், காலை ஷிப்டில் ஏதோ சோதனைக்காக அதைப் பைபாஸ் செய்தவர்கள், அதாவது வேலை செய்யாதபடி விலக்கி வைத்தவர்கள், திரும்பப் போடவில்லை. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பேனலில் ஒட்டியிருக்கிறார்கள். பசை விட்டுப்போய், சீட்டு கீபோர்டுக்குப் பின்னால் கிடந்தது.

ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. ஆனால் அந்தச் சரக்கு வழிந்து, ஆவி பரவி, எங்காவது ஒரு பொறி கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது. பெரியவர்களும் மற்ற ஆலைக்காரர்களும் சொல்லுங்கள். சார்ஜ் கொடுக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறீர்கள்? என்ன எழுதுகிறீர்கள்?

சேரன்மகாதேவியார் | செவ்வாய், காலை 10.30

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நடுங்காத கோட்டைச் சந்தேகப்பட்டாய் பார், அதுதான் பேனல்காரனுக்கு வேண்டிய கண். இரண்டு வருடத்தில் அது வந்திருப்பது பெரிய காரியம்.

நான் வெளி மாவட்டத்தில் சிமெண்ட் ஆலையில் 31 வருடம் கில்ன், அதாவது சிமெண்ட் சுடும் சூளை, பார்த்தவன். ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டேன். 1949-இல் தாழையூத்தில் சிமெண்ட் ஆலை தொடங்கிய நாள்முதல் நம் சீமையில் ஷிப்ட் என்ற சொல் வீட்டுச் சொல்லாகிவிட்டது. விக்கிரமசிங்கபுரத்தில் மில் சங்கு ஊதும் சத்தத்தை வைத்து உலை வைத்த வீடுகளை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இத்தனை காலமாகியும் சார்ஜ் கொடுக்கும் வேலையை மட்டும் நாம் பஸ்ஸுக்கு ஓடுகிற வேலையாக வைத்திருக்கிறோம்.

எனக்கு நடந்ததைக் கேள். சிமெண்ட் கில்னுக்கு மேலே ப்ரீஹீட்டர் கோபுரம் இருக்கும். அடுக்கடுக்காகச் சைக்ளோன்கள், புனல் மாதிரியான பாத்திரங்கள். சுண்ணாம்புப் பொடி மேலேயிருந்து சுற்றிச் சுற்றி இறங்கும்போது சூடேறும். கீழ்ச் சைக்ளோனுக்கு வரும்போது 800 டிகிரிக்கு மேல் இருக்கும். அந்தச் சூட்டில் அது பொடி மாதிரி நடந்துகொள்ளாது, தண்ணீர் மாதிரி ஓடும். சைக்ளோன் அடைத்துக்கொண்டால் கதவைத் திறந்து கம்பியால் குத்தி, காற்று அடித்து விடுவிப்பார்கள். அடைப்பு விடும்போது எல்லாம் ஒரே மூச்சில் கொட்டும். திறந்திருக்கும் கதவு வழியே வெளியிலும் பாயும்.

அன்று எனக்கு முந்திய ஷிப்டில் அந்தச் சைக்ளோனின் இழுவை அழுத்தம் மூன்று தடவை ஏறி இறங்கியிருக்கிறது. மூன்று தடவையும் காற்று அடித்துச் சமாளித்துவிட்டார்கள். சமாளித்ததால் எழுதவில்லை. நான் சார்ஜ் எடுத்த ஒரு மணி நேரத்தில் முழுக்க அடைத்துக்கொண்டது. எனக்கு அது முதல் தடவை. உண்மையில் நான்காவது தடவை. மூன்று தடவை ஏறி இறங்கியது என்று தெரிந்திருந்தால் கில்ன் ஃபீடைக் குறைத்திருப்பேன், ஆளை மேலே அனுப்பியிருக்க மாட்டேன். மேலே போன பிட்டர் ஒருவருக்கு முழங்கை முதல் விரல் வரை வெந்துவிட்டது. பிழைத்தார். இப்போதும் தீபாவளிக்குப் போய்ப் பார்த்து வருவேன். கை முழுதாக மடங்காது.

உற்பத்தி உற்பத்தி என்பார்கள். அந்த அடைப்பில் கில்ன் நின்றது. கில்ன் ஆறினால் உள்ளே இருக்கும் பயர் பிரிக் சுருங்கி விரிசல் விடும். மறுபடி நிதானமாகச் சூடேற்ற ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஒரு வரி எழுதாமல் விட்டதற்கு ஒரு மனிதனின் கையும் எத்தனையோ டன் சிமெண்டும் போயின. பத்திரத்தையும் உற்பத்தியையும் இரண்டு தட்டில் வைத்து எடை போடுகிறவர்கள் கில்ன் பக்கத்தில் நின்றதில்லை. நிலையாக ஓடும் கில்ன்தான் பத்திரமான கில்ன், அதுதான் நிறையத் தருகிற கில்ன்.

பேட்டை கருவி | செவ்வாய், பகல் 1.05

கருவிப் பராமரிப்பு என் வேலை. மானூர்க்காரன் தம்பி, அந்த லெவல் கோட்டைத் திரையில் பின்னோக்கி இழுத்துப் பார்த்தீர்களா? எத்தனை மணியிலிருந்து நேராகப் போகிறது?

நான் ஊகிப்பது இது. ஸ்விட்சைச் சோதிக்க வந்தவர் கூடவே ட்ரான்ஸ்மிட்டரையும், அதாவது லெவலை அளந்து திரைக்கு அனுப்பும் கருவியையும், சோதித்திருப்பார். அதற்குத் தொட்டியிலிருந்து வரும் சிறு வால்வுகளை மூடியிருப்பார். முடிந்ததும் திறக்க மறந்திருப்பார். மூடிய வால்வுக்கும் ட்ரான்ஸ்மிட்டருக்கும் நடுவில் அழுத்தம் சிறைப்பட்டு நிற்கும். மூடியபோது இருந்த லெவலையே அது காட்டிக்கொண்டிருக்கும்.

மானூர்க்காரன் | செவ்வாய், மாலை 5.40

அண்ணாச்சி, உங்கள் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். இப்போதுதான் நண்பனிடம் சொல்லிப் பார்க்கச் செய்தேன். கோடு நேற்றுக் காலை 11.20 முதல் நேராக இருக்கிறது. ஸ்விட்ச் பைபாஸ் ஆனது 11.10-க்கு. ட்ரான்ஸ்மிட்டரின் வால்வு மூடித்தான் இருந்திருக்கிறது. பிற்பகல் ஷிப்டில் அந்தத் தொட்டிக்கு வேலையே இல்லை, அதனால் 62 நின்றது யாருக்கும் உறுத்தவில்லை.

பேட்டை கருவி | செவ்வாய், மாலை 6.10

அப்படியானால் பெரிய பாடம் இது. லெவலைக் காட்டுவது ஒன்று, மீறினால் நிறுத்துவது வேறொன்று என்று தனித்தனியாக வைத்திருப்பதே ஒன்று கெட்டால் மற்றது காக்கட்டும் என்றுதான். இரண்டையும் ஒரே ஆள் ஒரே வேலையில் தொட்டதால் இரண்டும் ஒன்றாகப் போய்விட்டன. எங்கள் இடத்தில் ஒரு தொட்டியில் இரண்டையும் ஒரே நாளில் தொட விடுவதில்லை. பைபாஸ் போட்டால் சீட்டு ஒட்டுவதில்லை. தனிப் பதிவேட்டில் எழுதி, ஷிப்ட் பொறுப்பாளர் கையெழுத்திட்டு, எத்தனை மணிக்குள் எடுக்க வேண்டும் என்றும் எழுத வேண்டும். எடுக்கப்படாத பைபாஸ் இருந்தால் அடுத்த ஷிப்ட்காரர் அந்தப் பதிவேட்டில் கையெழுத்திடாமல் நாற்காலியில் உட்கார முடியாது.

வண்ணார்பேட்டை | செவ்வாய், இரவு 9.20

நான் உற்பத்திப் பிரிவில் இருக்கிறேன். திட்டுவதென்றால் திட்டுங்கள், ஆனால் கணக்கையும் பாருங்கள். ஷிப்டுக்கு 40 பேர் உள்ள ஆலை என்று வைத்துக்கொள்வோம். சார்ஜ் கொடுக்க ஆளுக்கு 20 நிமிடம் என்றால் ஷிப்டுக்கு 800 நிமிடம். மூன்று ஷிப்டுக்கு நாளொன்றுக்கு 40 மணி நேரம் மிகைநேரச் சம்பளம். நிர்வாகத்திடம் போய் இதைக் கேட்டால் முதல் கேள்வி, "இதுவரை என்ன நடந்துவிட்டது?" என்பதாகத்தான் இருக்கும். ஒன்றும் நடக்கவில்லையே என்றால் கோப்பு அங்கேயே மூடப்படும்.

பஸ்ஸும் நம் கையில் இல்லை. ஜங்ஷனிலிருந்து ஆளை ஏற்றி இறக்கிவிட்டு, அடுத்து வேறு ஆலைக்கும் அந்த வண்டி போக வேண்டும். இதற்கெல்லாம் வழி சொல்லாமல் "பொறுப்பாக இருங்கள்" என்று மட்டும் சொல்லிப் பயனில்லை.

நித்தியகல்யாணி | புதன், காலை 7.00

பாளையங்கோட்டையில் இருக்கிறேன், ஒரு ஆலையில் பாதுகாப்பு அலுவலர். "இதுவரை என்ன நடந்துவிட்டது?" என்று கேட்பவர்களுக்காக நான் மூன்று இரவுகளின் கதையைக் கோப்பில் எப்போதும் தயாராக வைத்திருக்கிறேன். மூன்றும் ஷிப்ட் மாறும் நேரத்தோடு பின்னிக்கிடப்பவை.

1988 ஜூலை 6. வட கடலில் பைப்பர் ஆல்பா எண்ணெய் மேடை. அங்கே ஒரே வேலைக்கு இரண்டு பம்புகள், ஏ, பி என்று. பகலில் ஏ பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றிச் சோதனைக்குக் கொண்டுபோனார்கள். வேலை மாலைக்குள் முடியவில்லை. வால்வு இருந்த இடத்தில் ஒரு தட்டை வைத்து மூடினார்கள். பம்புக்கு ஒரு பெர்மிட் (வேலைக்கான அனுமதிச் சீட்டு), வால்வுக்கு வேறொரு பெர்மிட். இரண்டும் வேறு வேறு இடத்தில் இருந்தன. இரவு ஷிப்டுக்கு வால்வைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பத்து மணிக்குச் சற்று முன்பு பி பம்ப் நின்றது. உற்பத்தி நிற்கக் கூடாதே என்று ஏ பம்பை ஓட்டினார்கள். வால்வு இருந்த இடத்தில் கசிந்தது வெடித்து 167 பேர் போய்விட்டார்கள்.

2005 மார்ச் 23, அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலை. மானூர்த் தம்பி, இது உங்கள் கதையேதான். ஒரு கோபுரத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். லெவல் கருவி தவறாகக் காட்டியது. கோபுரம் நிரம்பிக்கொண்டே போனபோது கருவியில் லெவல் இறங்கிக்கொண்டிருந்தது. உச்ச லெவல் அலாரம் அடிக்கவில்லை. இரவு ஷிப்ட்காரர் லாக் புத்தகத்தில் ஒரே வரி எழுதிவிட்டுப் போயிருந்தார். காலையில் வந்தவர்களுக்கு எவ்வளவு நிரப்பியிருக்கிறது என்பது தெரியவில்லை. அவர்களில் சிலர் 29 நாளோ அதற்கு மேலோ விடுப்பே இல்லாமல் 12 மணி நேர ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். நிரம்பி வழிந்தது வெடித்து 15 பேர் இறந்தார்கள்.

மூன்றாவது நம்முடையது. 1984 டிசம்பர் 2 இரவு, போபால். தொட்டியைக் குளிர வைக்கும் இயந்திரத்தை மாதக் கணக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். வாயுவை எரிக்கும் கோபுரத்தின் குழாயைப் பழுதுக்காகக் கழற்றியிருந்தார்கள். இதெல்லாம் பலருக்கும் தெரியும். தெரியாத ஒன்று உண்டு. 10.45-க்கு ஷிப்ட் மாறியது. அதற்குச் சற்று முன்பு தொட்டியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு. 11 மணிக்குப் புதியவர் பார்த்தபோது 10. அந்தத் தொட்டியில் 2 முதல் 25 வரை இருப்பது வழக்கம் என்பதால் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. பத்து என்ற எண்ணில் தவறே இல்லை. இரண்டிலிருந்து சுமார் நாற்பது நிமிடத்தில் பத்துக்கு ஏறியது என்பதில்தான் எல்லாம் இருந்தது. "இப்போது எவ்வளவு" என்பதை மட்டும் ஒப்படைத்தால் போதாது. "எதிலிருந்து எதற்குப் போய்க்கொண்டிருக்கிறது" என்பதை ஒப்படைக்க வேண்டும்.

போபாலுக்குப் பிறகுதான் 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி 4-ஏ என்ற அத்தியாயத்தைச் சேர்த்தார்கள். அதில் 41-எச் பிரிவு, ஆபத்து நெருங்குகிறது என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை மேலாளரிடம் சொல்லலாம், ஆய்வாளர் கவனத்துக்கும் கொண்டுபோகலாம் என்று உரிமை கொடுத்தது. தம்பி, நடந்ததை அப்படியே எழுதி மேலாளரிடம் கொடுங்கள். வாய்ச்சொல்லாக விடாதீர்கள். யாரையும் மாட்டிவிட எழுதுவதாக நினைக்க வேண்டாம். பஸ் நேரத்தை எழுதுங்கள், சீட்டின் பசையை எழுதுங்கள், 11.10-ஐயும் 11.20-ஐயும் எழுதுங்கள்.

வண்ணார்பேட்டை அண்ணனுக்கு: 40 பேரும் 20 நிமிடம் நிற்க வேண்டியதில்லை. ஓடுகிற இயந்திரத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் யார்? பேனல், களம், பாயிலர், ஷிப்ட் பொறுப்பாளர். ஆறு பேர் என்று வைத்தால் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம்தான். ஒரு தடவை ஆலை நின்று எழுந்தால் ஆகும் செலவை உங்களைவிட யார் அறிவார்?

அம்பை நீராவி | புதன், மாலை 4.30

பெரிய ஆலைக் கதைகளுக்கு நடுவில் நான் அரிசி ஆலைக்காரன். அம்பாசமுத்திரம் பக்கம், நெல் அவிக்கும் பாயிலர். இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வைத்திருக்கிறேன். எங்களுக்குக் கம்ப்யூட்டர் பேனல் கிடையாது. உமி, நெருப்பு, தண்ணீர், ஒரு அழுத்தமானி, இரண்டு கேஜ் கிளாஸ், அவ்வளவுதான்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர் லாக் புத்தகத்தை நம்ப மாட்டார். கிளாஸையும் நம்ப மாட்டார். சார்ஜ் எடுக்க வந்தால் முதலில் என்னையும் கூட்டிக்கொண்டு பாயிலர் முன்னால் நிற்பார். கிளாஸின் அடிக் குழாயைத் திறப்பார். சீறிக்கொண்டு தண்ணீரும் ஆவியும் வெளியே போகும். மூடியதும் கண்ணை எடுக்காமல் பார்ப்பார். தண்ணீர் சடக்கென்று பழைய இடத்துக்கு ஏறி நின்று ஆடினால் வழி சுத்தம். நிதானமாக ஊர்ந்து ஏறினால் வழியில் சேறோ உப்போ அடைத்திருக்கிறது, அந்தக் கிளாஸ் சொல்வது பொய். பிறகு மேல் வழி, கீழ் வழி இரண்டையும் தனித்தனியாக ஊதிப் பார்ப்பார். அடுத்த கிளாஸுக்கும் அதே. இரண்டும் ஒரே மட்டம் காட்டினால்தான் "சரி, நீ போகலாம்" என்பார். ஐந்து நிமிடம்கூட ஆகாது. அந்த ஐந்து நிமிடமும் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். எனக்குத் தெரிந்த சார்ஜ் அதுதான்.

பாயிலரில் தண்ணீர் தெரியாமல் போய்விட்டால் எந்தப் புதியவனுக்கும் கை முதலில் போவது பம்ப் பக்கம். காய்ந்து சிவந்த குழாயில் பச்சைத் தண்ணீரை விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நெருப்பை இழுத்துப் போடு, தண்ணீரைத் தொடாதே என்று பெரியவர் அடித்துச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு கிளாஸும் சுத்தம் என்று சார்ஜ் எடுக்கும்போதே தெரிந்துவிட்டால் அந்த இடத்துக்குப் போகவே வேண்டாம்.

இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகையில் உமி ஈரமாக வரும். ஆவி ஏறாது. முந்தியவர் எட்டு மணி நேரம் நெருப்போடு மல்லுக்கட்டியிருப்பார். "உமி ஈரம், கீழ்க்குவியலில் காய்ந்தது இருக்கிறது, நான்கு கூடைக்கு ஒரு கூடை கலந்து போடு" என்று சொல்லிவிட்டுப் போனால் அடுத்தவருக்கு அரை ஷிப்ட் மிச்சம். எங்கள் முதலாளி இதில் மிச்சப்படும் உமியைத்தான் பார்க்கிறார். பார்க்கட்டும். அவருக்கு உமி, எனக்கு உயிர். இரண்டும் ஒரே சொல்லில் வருகின்றன.

களக்காட்டு மழை | புதன், இரவு 10.50

ஒப்பந்த ஆட்களை வைத்துத் தொட்டி சுத்தம் செய்யும் மேற்பார்வையாளர் நான். என் ஆட்களில் பாதிப் பேர் ஒடிசா, வங்கத்துப் பிள்ளைகள். உங்கள் லாக் புத்தகங்களில் எங்கள் பெயரே வராது. தொட்டிக்குள் இறங்கும்போது ஆக்சிஜன் பார்ப்பார்கள், வெளிக்காற்றில் 20.9 சதவீதம், 19.5-க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. பெர்மிட் தருவார்கள். பிறகு ஷிப்ட் மாறும். புதிதாக வருகிறவருக்குத் தொட்டிக்குள் மூன்று பேர் இருப்பது தெரியாது. ஒருமுறை இப்படித்தான், ஆள் உள்ளே இருக்கும்போது பக்கத்துக் குழாயில் மூச்சை அடைத்துவிடும் நைட்ரஜனைத் திறக்கப் போனார்கள். மேலே நின்ற பையன் தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லில் "ஆள், ஆள்" என்று கத்தினான். அதனால் தப்பினோம்.

கெஞ்சிக் கேட்கிறேன். சார்ஜ் கொடுக்கும்போது முதல் வரி உற்பத்தி எத்தனை டன் என்பதாக இருக்க வேண்டாம். உள்ளே எத்தனை பேர், எந்தத் தொட்டியில் என்பதாக இருக்கட்டும்.

வண்ணார்பேட்டை | வியாழன், காலை 6.35

களக்காட்டு நண்பர் எழுதியதைப் படித்துவிட்டு இரவெல்லாம் யோசித்தேன். ஆறு பேர் கணக்கு எனக்கு ஏறுகிறது. பஸ்ஸைத் தாமதிக்க முடியாது, ஆனால் முன்னதாக வரவழைக்கலாம். ஜங்ஷனிலிருந்து 20 நிமிடம் முன்னால் கிளம்பினால் வந்தவர்கள் 9.40-க்கு உள்ளே இருப்பார்கள், போகிறவர்களுக்கு அதே 10.05 வண்டி. ஆறு பேருக்கு அந்த 20 நிமிடத்துக்குச் சம்பளம், மற்றவர்களுக்குக் கேண்டீனில் டீ. இதை எங்கள் ஆலையிலும் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

வெளிமான் | வியாழன், பகல் 2.15

நான் வல்லநாட்டுக்காரன். ரிலீவரே வராத ஒரு சார்ஜ் கதை என்னிடம் இருக்கிறது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அந்த மழை. தூத்துக்குடிப் பக்கம் ஒரு குளிர்பதன ஆலையில் பிற்பகல் இரண்டு மணி ஷிப்டில் நாங்கள் ஏழு பேர். அமோனியா வைத்துக் குளிரூட்டும் ஆலை. இரவு பத்து மணிக்கு ரிலீவர் வரவில்லை. சாலை இல்லை, மின்சாரம் போயிற்று, போனும் போயிற்று. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் அறைப் படிக்கட்டில் தண்ணீர் ஒவ்வொரு படியாக ஏறியது.

எங்களில் மூத்தவர் ஒருவர் நள்ளிரவுக்கு முன்பே முடிவெடுத்தார். ஜெனரேட்டர் நின்ற பிறகு எதுவும் செய்ய முடியாது, ஓடும்போதே செய்துவிடுவோம் என்றார். குழாய்களிலும் குளிர் அறைகளிலும் கிடந்த அமோனியாவை எல்லாம் ரிசீவர் தொட்டிக்கு இழுத்துச் சேர்த்தோம். ஒவ்வொரு வால்வாக மூடி, சாக்பீஸால் குறி போட்டோம். இரண்டரை மணிக்கு வேலை முடிந்தது. மூன்றரைக்கு ஜெனரேட்டர் நின்றது. அறையில் இருந்த மீன் எல்லாம் கெட்டுப்போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். முதலாளியைக் கேட்க வழியில்லை. முதலாளியைக் கேட்காமலே மூத்தவர் எடுத்த முடிவு அது.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் இந்த இழைக்குப் பொருந்துவது. "ரிலீவர் வரவில்லை, அதனால் நாமே நமக்கு ரிலீவர்" என்றார். ஏழு பேரையும் இரண்டாகப் பிரித்தார். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு கூட்டம் தூங்க, மற்றது விழித்திருக்கும். மாறும்போது, எதிரே நிற்பவன் ஆலைக்குப் புதிதாக வந்தவன் என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். எழுதவும் வேண்டும். பிறகு இரண்டு பேர் டார்ச்சோடு போய் ரிசீவரின் அழுத்தத்தையும் சாக்பீஸ் குறி போட்ட வால்வுகளையும் கையால் தொட்டுப் பார்த்து வர வேண்டும். தூக்கக் கலக்கத்தில் எனக்கு எரிச்சல்கூட வந்தது. எட்டு மணி நேரத்துக்கு முன்பு நானே மூடிய வால்வை என்னிடமே ஏன் சொல்கிறார்கள் என்று. ஆனால் திங்கள் இரவு அப்படிச் சொல்லிக்கொண்டு போகையில்தான் ஒரு வால்வுக்குக் குறி இல்லை என்று தெரிந்தது. போய்ப் பார்த்தோம். பாதிதான் மூடியிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் ரிலீவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தார். நாற்பத்திரண்டு மணி நேரம். அவரிடம் கொடுத்த நோட்டில் பதினோரு பக்கம் இருந்தது.

சேரன்மகாதேவியார் | வியாழன், மாலை 6.00

வல்லநாட்டுத் தம்பி, அந்த மூத்தவரின் கையைப் பிடித்து வணங்க வேண்டும். ஆலையை நிறுத்துவதற்கு ஓட்டுவதைவிடப் பெரிய தைரியம் வேண்டும். நிறுத்தியவனைத் திட்டாத நிர்வாகமும் வேண்டும். அந்தப் பதினோரு பக்க நோட்டு யாரிடமாவது இருந்தால் பத்திரமாக வையுங்கள். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அதைத்தான் முதல் பாடப் புத்தகமாகக் கொடுக்க வேண்டும்.

மானூர்க்காரன் | வெள்ளி, காலை 9.00

எல்லோருக்கும் நன்றி. நித்தியகல்யாணி அக்கா சொன்னபடி நான்கு பக்கம் எழுதி மேலாளரிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு முந்தியவரின் பெயரை எழுதவில்லை. நானும் இதற்கு முன் எத்தனை தடவை "எல்லாம் நார்மல்" என்று எழுதியிருக்கிறேன் என்று பழைய லாக் புத்தகத்தைப் புரட்டி எண்ணிப் பார்த்து அதையும் எழுதினேன். போன மாதத்தில் மட்டும் 17 தடவை. கொடுக்கும்போது பயமாக இருந்தது. மேலாளர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே முழுவதும் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை. களத்துக்குப் போய் அந்த வால்வைக் காட்டு என்றார்.

மானூர்க்காரன் | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, காலை 7.45

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னியுங்கள். சொல்ல வேண்டியது இருக்கிறது.

வண்ணார்பேட்டை அண்ணாச்சி சொன்ன வழிதான் நடந்தது. பஸ் இப்போது ஜங்ஷனில் 20 நிமிடம் முன்னதாக எடுக்கிறது. ஒரு மாதம் சோதனை என்று சொன்னார்கள், மாதம் முடிந்தும் அப்படியே தொடர்கிறது. பேனல், களம், பாயிலர் ஆட்களுக்கு அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டு. முதல் வாரம் மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், தூக்கம் போகிறது என்று. நியாயம்தான், வள்ளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கிறது. அதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.

லாக் புத்தகத்தின் பக்கத்தையே மாற்றிவிட்டார்கள். முதல் வரி களக்காட்டு அண்ணன் கேட்டது: உள்ளே எத்தனை பேர், எங்கே. அடுத்தது எடுக்கப்படாத பைபாஸ்கள். அதற்குக் கீழே "எதிலிருந்து எதற்கு" என்று ஒரு கட்டம். முதல் வாரத்திலேயே பிற்பகல் ஷிப்ட் அண்ணன் அந்தக் கட்டத்தில் ஒரு பம்பின் பேரிங் சூடு காலையில் 58, இப்போது 71 என்று எழுதினார். நாங்கள் மாற்றுப் பம்புக்கு மாறினோம். திறந்து பார்த்தால் கிரீஸ் கரிந்து கறுத்துப்போயிருந்தது. இரவு நடுவில் அது இறுகி நின்றிருந்தால் கோபுரம் முழுக்க நின்றிருக்கும்.

நேற்று இரவு அதே அண்ணனிடமிருந்துதான் சார்ஜ் எடுத்தேன், அன்று பஸ்ஸுக்கு ஓடியவரிடமிருந்து. இதுவரை நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. 9.45-க்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு, "வா தம்பி, அந்தத் தொட்டியை முதலில் பார்த்துவிடுவோம்" என்றார். ஏறிப் போனோம். அவர் கிளாஸில் டார்ச் அடித்தார், நான் வாக்கி டாக்கியில் பேனலைக் கேட்டேன். கிளாஸில் பாதிக்குச் சற்றுக் கீழே. பேனலில் 48. கோடு எப்படி இருக்கிறது என்று அவரே வாக்கி டாக்கியை வாங்கிக் கேட்டார். லேசாக நடுங்குகிறது என்று பதில் வந்தது.